தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் நிற்கும் என் குடும்பம்

குன்றத்தூர்,
ஞாயிறு இரவு, மணி பன்னிரண்டேகால்.

பெருமதிப்பிற்குரிய பெரியப்பா இராமச்சந்திரன் அவர்களுக்கு, தங்கள் தம்பி மகள் கவிப்பிரியா பணிவுடன் எழுதிக்கொள்வது. ஸ்ரீபெரும்புதூரில் தாங்களும் பெரியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் நலம் விசாரிப்பதை ஒரே வரியில் முடித்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. பெரியம்மாவின் முழங்காலை மட்டும் தனியாக விசாரித்ததாகச் சொல்லவும். இங்கே தங்கள் மாப்பிள்ளையும் குழந்தை ரஞ்சனியும் நன்றாகத் தூங்குகிறார்கள். நான் தூங்கவில்லை. டிவியில் தொண்ணூற்றெட்டு என்று ஒரு எண் நிற்கிறது, அது தொண்ணூற்றொன்பது ஆகும்வரை என்னால் தூங்க முடியாது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தாங்கள் போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போடுவீர்கள், பாதியில் பெரியம்மா பதில் சொல்வார்கள், உங்கள் வீட்டுக்கு எதிரே டீ ஆற்றுகிறவர் அடுத்த நாள் மாப்பிள்ளையைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்பார். அதனால்தான் கடிதம். எதிர் வீட்டு ரத்னா அக்கா காலை ஒன்பது மணி பஸ்ஸில் உங்கள் ஊருக்குத்தான் கேன்டீன் வேலைக்கு வருகிறார்கள், அவர்கள் கையில் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து தனியாகப் படிக்கவும்.

விஷயம் இதுதான். நாளை திங்கள் சாயங்காலம் மாப்பிள்ளை உங்களிடம் வந்து, லாட்ஜ் தெருவில் காலியாக இருக்கும் உங்கள் கடை ரூமுக்கு ஒப்பந்தம் எழுதப் போகிறார். செவ்வாய்க்கிழமை காலை கம்பெனியில் ராஜினாமா கடிதம் கொடுக்கப் போகிறார். வேலையை விட்டுவிட்டு அந்த ரூமில் வீடியோ கேம் சிடி கடை வைக்கப் போகிறாராம். போன மாதம் காதுகுத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு "எத்தனை நாளைக்குப்பா கம்பெனி பஸ்ஸுல தொங்குவ, சொந்தமா ஒண்ணு பண்ணு" என்று தாங்கள்தான் சொன்னீர்கள் பெரியப்பா. நான் குறை சொல்லவில்லை. பாயசம் போட்டுக்கொண்டே சொன்னீர்கள், அவர் அதைப் பாயசத்தோடு சேர்த்து முழுங்கிவிட்டார்.

அவர் ஒரகடத்தில் கார் சீட்டு செய்கிற கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். எட்டு வருஷம் கான்ட்ராக்ட்டில் இருந்து போன வருஷம்தான் பர்மனென்ட் ஆனார். அதில் எனக்கு முக்கியம் சம்பளம்கூட இல்லை, அந்த மருத்துவ அட்டை. ரஞ்சனிக்கு மார்கழியில் மூச்சு இழுத்தபோது ராத்திரி ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் அந்த அட்டையை நீட்டினோம், அவர்கள் வேற ஒரு கேள்வியும் கேட்காமல் குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். வேலை போனால் அட்டையும் போகும். அதுக்கப்புறம் வர்ற மார்கழியை நான் எப்படிப் பார்ப்பேன்?

நானும் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள் என்ற முறையில் அவருக்கு எடுத்துச் சொன்னேன். இப்போது யாரும் கடைக்குப் போய் சிடி வாங்குவதில்லை, வீட்டில் உட்கார்ந்து ஒரு பட்டனை அமுக்கினால் விளையாட்டு நெட்டிலேயே இறங்கிவிடும், புதுசாக வரும் கேம் பெட்டிகள் சிலதில் சிடி போட வாயே கிடையாது என்றேன். அவர் கேட்கவில்லை. சிடி என்றால் கையில் பிடிக்கலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம், அலுத்துப்போனால் விற்கலாம், டவுன்லோட் பண்ணினதை யாருக்குக் கொடுப்ப என்கிறார். லாட்ஜில் ஒரே ரூமில் மூன்று ஷிப்ட் ஆட்கள் இருக்கிறார்கள், ஒரே சிடியை ஏ ஷிப்ட் விளையாடிவிட்டுத் தூங்கினால் பி ஷிப்ட் எடுக்கும், பி போனால் சி எடுக்கும், சிடிக்கு ஓய்வே இல்லை என்று கணக்கு சொல்கிறார். அதுவும் நியாயம் மாதிரிதான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். கம்பெனியில் புது பார்ட் வந்தால் ட்ரையல் எடுப்பார்களாம், அதே மாதிரி இதற்கும் ட்ரையல். ஒரே ஃபுட்பால் கேம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் வீட்டில், சிடி போட வாயில்லாத எங்கள் கேம் பெட்டியில் டவுன்லோட் பட்டனை அமுக்க வேண்டியது. அதே ஆறு மணிக்கு அவருடைய கம்பெனி சிநேகிதர் பேச்சிராஜ் (தூத்துக்குடிப் பக்கம், உங்கள் தெரு லாட்ஜில்தான் இருக்கிறார்) சென்னைக்கு பஸ் ஏறி, சிடி வாங்கி, தன்னுடைய கேம் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வர வேண்டியது. எது முதலில் டிவியில் ஓடுகிறதோ அது ஜெயித்தது. டவுன்லோட் ஜெயித்தால் கடைப் பேச்சு கிடையாது. சிடி ஜெயித்தால் ராஜினாமா. இதையெல்லாம் கம்பெனி ஃபாரத்தில் எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். நானும் சிரித்துக்கொண்டே போட்டேன், பட்டனுக்கும் பஸ்ஸுக்கும் போட்டி வைத்தால் யார் ஜெயிப்பார்கள் என்ற தைரியத்தில்.

பட்டனை அமுக்கினேன். மீதி ஏழு மணி நேரம் என்று காட்டியது. குளித்துவிட்டு வந்து பார்த்தால் பதினொரு மணி நேரம். இட்லி வைத்துவிட்டு வந்து பார்த்தால் ஒண்ணரை நாள். என்னடா இது குளிக்கக் குளிக்க ஏறுது என்று பார்த்தால், எதிர் வீட்டு ரத்னா அக்கா ஒரு வருஷமாக எங்கள் வைஃபையில்தான் சீரியல் பார்க்கிறார்கள். பாஸ்வேர்டு கொடுத்தது நான்தான், கறிவேப்பிலை வாங்கப் போன இடத்தில். போய்க் கெஞ்சினேன். "ஒரு நாள் சீரியல் பாக்காத இருந்தா இன்னா ஆயிடப் போவுது, ஆனா இன்னிக்குத்தாம்மா அந்தப் பொண்ணு அவ மாமியா வூட்டுக்குள்ள காலு வெக்கிறா" என்றார்கள். அந்தப் பொண்ணு கால் வைத்து முடிக்கும்வரை நான் அவர்கள் வாசலிலேயே நின்றேன் பெரியப்பா. அரை மணி நேரம் வாசப்படியிலேயே நிக்கிறா அந்தப் பொண்ணும்.

மூணு மணிக்கு, நாற்பத்தொரு சதவீதத்தில் இருக்கும்போது கரண்ட் போச்சு. பாதியில் நின்றால் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து வருமோன்னு பயம். எங்க இன்வெர்ட்டர் பேட்டரி பழசு, ஃபேனையும் தாங்கி கேம் பெட்டி, நெட் பெட்டியையும் தாங்காது. ஃபேனை நிறுத்திட்டேன், லைட்டை நிறுத்திட்டேன், ரஞ்சனிக்கு விசிறியால வீசிக்கிட்டே உக்காந்திருந்தேன். அது இந்த ரெண்டு நாளும் நான் ஓடி ஓடி டிவியைப் பாக்கறதைப் பாத்துட்டு, "அம்மா, டிவிக்கு ஜுரம் எவ்ளோ"ன்னு கேக்குது. ஓ.டி. முடிச்சிட்டு வந்த உங்க மாப்பிள்ளை, பெத்த பொண்ணு வேர்வையில நனைஞ்சு கிடக்க, நெட் பெட்டி மட்டும் பச்சை லைட்டோட ஜம்முன்னு இருக்கறதைப் பாத்துட்டு, என் கையில இருந்த விசிறியை வாங்கி அவரே வீச ஆரம்பிச்சுட்டார். அவர் திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

சாயங்காலம் நெட் அளவு தீந்துபோச்சுன்னு வேகத்தைக் குறைச்சுட்டாங்க. நெட் கனெக்ஷன் தமிழ்வாணனுக்கு போன் போட்டு, குழந்தைக்கு ஆன்லைன் பரீட்சை, உடனே பெரிய பிளானுக்கு மாத்துன்னு சொன்னேன். எல்.கே.ஜி.க்கு என்ன பரீட்சைக்கா, அதுவும் சனிக்கிழமைன்னு கேட்டான். ஓவியம்னு சொன்னேன். மாத்திட்டான். பொய் சொன்ன பாவத்துக்கு ஒரு தேங்காய் உடைக்கணும்னு வேண்டியிருக்கேன்.

இப்ப பேச்சிராஜ் கதையைக் கேளுங்க. சென்னையில முதல்ல போன கடை மொபைல் கவர் விக்கற கடையாயிடுச்சாம், ரெண்டாவது கடை ஷட்டர் போட்டாச்சாம், மூணாவது கடையில எங்கேயோ மேல் தட்டுல இருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தாங்களாம். நியாயமாப் பாத்தா அங்கேயே உங்க மாப்பிள்ளைக்குப் புரிஞ்சிருக்கணும். புரியலை. "மூணாவது கடையில இருந்துச்சுல்ல"ங்கறார். பேச்சிராஜ் திரும்பி வர்ற வழியில சூப்பர்வைசர் போன் பண்ணி, ஆள் இல்லை, பி ஷிப்டுக்கு நேரா வான்னுட்டார். இவரும் பையோட ஒரகடம் கேட்டுக்குப் போயிருக்கார். கேமரா, பென் டிரைவ், சிடி ஒண்ணும் கம்பெனிக்குள்ள போகக் கூடாது. செக்யூரிட்டி சிடியைப் பிடுங்கி அலமாரியில வெச்சுப் பூட்டிட்டு, கேட் பாஸுக்கு மேனேஜர் கையெழுத்து வேணும், மேனேஜர் திங்கக்கிழமைதான் வருவார்னுட்டாங்க.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெக்கமா இருக்கு. அந்த செக்யூரிட்டி யாரு, எந்த ஊரு, நல்லா இருக்கட்டும்னு மனசுக்குள்ள சொன்னேன். ஆனா உங்க மாப்பிள்ளை விட்டாரா? ஞாயித்துக்கிழமை லீவு நாள்ல, எண்ணெய் தேய்ச்சுக் குளிக்க வேண்டிய மனுஷன், வண்டியை எடுத்துக்கிட்டு ஒரகடம் போய் மேனேஜரை போன்ல பிடிச்சு, சிடியை வாங்கிக்கிட்டு, பேச்சிராஜையும் அவர் கேம் பெட்டியையும் பின்னாடி உக்கார வெச்சு நாலு மணிக்கு வந்து நிக்கறார். என் டவுன்லோட் அப்ப தொண்ணூத்தி ஏழு.

சிடியைப் போட்டாங்க. அரை மணி நேரம் சுத்துச்சு. அப்புறம் ஒரு வரி வந்துச்சு: விளையாட நாற்பத்தொரு ஜிபி அப்டேட் தேவை, இணையத்துடன் இணைக்கவும். உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன் பெரியப்பா. கடையில வாங்கின சிடிக்குள்ள கேம் முழுசா இல்லை, மீதியை நெட்லதான் இறக்கணும். உங்க மாப்பிள்ளை கூசாம என் நெட்லயே பாதி கொடுன்னு கேக்கறார். "சிடிக்கும் நெட்டு வேணும்னா அப்புறம் சிடி எதுக்குங்க?"ன்னு கேட்டேன். அவர் சிடி கவரைத் திருப்பித் திருப்பிப் பாக்கறார். பேச்சிராஜ்தான், "எங்க ரூம்ல போன் நெட்டுல போட்டா இது அடுத்த பொங்கலுக்குத்தாம்க்கா எறங்கும்"னு சொல்லிட்டு, காபியைக் குடிச்சிட்டு, பெட்டியை இங்கேயே வெச்சிட்டுப் போயிட்டார்.

என்னுது தொண்ணூத்தெட்டு ஆகி, அஞ்சு மணி நேரமா அங்கேயே நிக்குது. தூங்கப் போகும்போது இவர், ரெண்டும் ஓடலைன்னா மேட்ச் டிரா, டிரான்னா என் இஷ்டம்னு சொல்லிட்டுப் படுத்துட்டார். ராஜினாமா கடிதம் சட்டைப் பாக்கெட்ல இருக்கு, நான் பாத்துட்டேன். அதனால்தான் இந்தப் பேதை தங்களிடம் கேட்கிறேன். நாளை சாயங்காலம் அவர் வந்தால் கடை ரூமை மெடிக்கல் ஷாப்புக்குக் கொடுத்தாச்சு என்று சொல்லிவிடுங்கள். பேக்கரி என்றாலும் சரி. தாங்கள் இதுவரை பொய் சொன்னதில்லை என்பது எனக்குத் தெரியும், பேத்தியின் மூச்சுக்காக ஒன்று சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடவும்.

பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம். எங்கள் மூன்று பேருக்கும் தங்கள் ஆசீர்வாதம் வேண்டும், முடிந்தால் நாளை சாயங்காலத்துக்கு முன்பாகவே.

தங்கள் மகள் போன்ற,
கவிப்பிரியா

பி.கு.: பெரியப்பா, மணி எட்டரை. மேலே எழுதினது எதையும் செய்ய வேண்டாம். அஞ்சு பத்துக்கு நூறு ஆயிடுச்சு. ஓடுதான்னு பாக்க நானே விளையாடி எங்க பக்கத்து வலைக்குள்ளேயே ஒரு கோல் போட்டேன். சிடி தோத்துப்போச்சு. அந்த சத்தத்துல எழுந்தவர் பல்லுகூட விளக்காம டிவி முன்னாடி உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தார். பாவமாத்தான் இருந்தது. ஏழு மணிக்குக் கதவைத் தட்டறாங்க. திறந்தா பேச்சிராஜ், பின்னாடி எங்க நெட்டைப் பத்தி அவர் சொல்லிக் கேட்ட லாட்ஜ் ஆளுங்க அஞ்சு பேர், சி ஷிப்ட் முடிச்சு யூனிபார்மோட, ஆளுக்கொரு கேம் பெட்டியைக் குழந்தை மாதிரி இடுப்புல வெச்சுக்கிட்டு நிக்கறாங்க. ரெண்டு பேர் சிடி வாங்கி அப்டேட்டுக்கு அலையறவங்க, மூணு பேர் நேரா டவுன்லோட் பண்ணணுங்கறவங்க. எல்லாருக்கும் வேண்டியது ஒரு நல்ல நெட், பெட்டியை விட்டுட்டுப் போக ஒரு பத்திரமான இடம், விலாசம் தெரிஞ்ச ஒரு ஆள். சும்மா வேண்டாங்க்கா, கடைக்குக் கொடுக்கறதை உங்களுக்குக் கொடுக்கறோம்னு அவங்களே சொல்றாங்க. உங்க மாப்பிள்ளை முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு, "அப்போ கடை?"ன்னு கேட்டார். "கடை இருக்கு. நீங்க பஸ்ஸுக்குக் கிளம்புங்க"ன்னேன். பாக்கெட்ல இருந்த ராஜினாமா கடிதத்தை எடுத்து, அதுக்குப் பின்பக்கம் யாருக்கு அப்புறம் யாருன்னு அஞ்சு பேரையும் எழுதிக்கிட்டேன், வேற பேப்பர் கைக்குக் கிடைக்கலை. அவர் டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிட்டார். உங்க கடை ரூம்ல பெரிய நெட் போட்டு நானே டவுன்லோட் கடை வைக்கறேன், ஒப்பந்தத்தை என் பேர்ல எழுதுங்க பெரியப்பா. சிடியும் நாலு தட்டு வைப்பேன், மாத்திக்கறவங்க மாத்திக்கட்டும். ஷட்டர் சாவி ரெண்டையும் என்கிட்டதான் கொடுக்கணும். அவர் சாயங்காலம் வந்து கேட்டா ஒண்ணுகூடத் தராதீங்க, லீவு போட்டுட்டு வந்து கடையிலேயே உக்காந்துடுவார்.