மாமனார் காருக்கு அடியில் ஓர் அட்டை

உ

பீளமேடு,
கோயமுத்தூர்.
24-1-1996

உடுமலைப்பேட்டை மச்சான் வெங்கடபதி அவர்கள் சமூகத்துக்கு, பீளமேடு அழகிரிசாமி பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கை ராமாமணியும் மகள் மேக்னாவும் தெய்வ கிருபையால் சுகமாக இருக்கிறோம். அங்கு தாங்களும் அக்காவும் தோப்பும் கிணற்று மோட்டாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மாமா எங்களுக்குக் கொடுத்து, பதினாறு வருஷமாக நான் ஓட்டிவரும் கார் மட்டும் சுகமில்லை. சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு டிரைவரை அனுப்பி, உங்கள் அப்பா வண்டியை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியது. கோபித்துக்கொண்டு எழுதவில்லை. கோபப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும், அது என்னிடம் இல்லை.

தீபாவளிக்கு உங்கள் வீட்டில் மூன்று நாள் விருந்து சாப்பிட்டுத் திரும்பினோம் அல்லவா, அதற்கு மறுநாள் மத்தியானம்தான் ஆரம்பித்தது. வாசல் சிமெண்டுத் தரையில், காரின் பின்பக்கமாக, எட்டணா அகலத்துக்கு ஒரு கறுப்புப் பொட்டு. சாயங்காலம் அது சாம்பிராணித் தட்டு அகலம் ஆகிவிட்டது. உங்கள் ஊரிலிருந்து திரும்பும்போது வண்டி கனத்துப்போவது எனக்குப் பழக்கம்தான். வேண்டாம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லச் சொல்ல நீங்கள் பாட்டுக்கு எதையாவது டிக்கியில் ஏற்றிவிடுவீர்கள், போன வருஷம் கிணத்துக்கடவு தாண்டி பிரேக் போட்டபோது பூசணிக்காய் உருண்ட சத்தத்தில்தான் பூசணிக்காய் வந்திருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. அதனால் இந்தத் தடவை கிளம்புகிற அன்றைக்கு நானே டிக்கி பக்கத்தில் காவலுக்கு நின்றேன். அப்படியும், அக்கா காப்பிக்குக் கூப்பிட்டு உள்ளே போன நேரத்தில் ஒரு மூட்டை தேங்காய் ஏறிவிட்டது. அதையும் வீடு வந்ததும் இறக்கியாயிற்று. ஆகவே பாரம் தாங்காமல் ஒழுகுகிறது என்றும் சொல்வதற்கில்லை.

உடனே ரசாக்கைக் கூப்பிட்டேன். ரசாக்கை உங்களுக்குத் தெரியும், சிங்காநல்லூர் மெக்கானிக். இந்த வண்டி என் கைக்கு வந்த நாளிலிருந்து வேறு ஆள் இதன் பானெட்டைத் தொட்டதில்லை. நான் ரிட்டயர் ஆன பிறகு சனிக்கிழமை சனிக்கிழமை அவன் ஒர்க்‌ஷாப் பெஞ்சில் உட்கார்ந்து, ரெண்டு டீ குடித்து, ஊர் நியாயம் பேசிவிட்டு வந்தால்தான் எனக்கு ஒரு வாரம் முடிந்த மாதிரி இருக்கும். அவன் வந்து எஞ்சினை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, துடைத்து, மேக்னாவோட முகப் பவுடர் டப்பாவை வாங்கி மேலே எல்லாம் தூவி, ஒண்டிப்புதூர் வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பி வந்து பார்த்தான். எங்கே பவுடர் நனைஞ்சிருக்கோ அங்கேதான் கசிவுன்னு கணக்கு. டேப்பட் கவர் ஓரத்துல லேசா நனைஞ்சிருந்துச்சு, புதுசா கார்க் பேக்கிங் போட்டான், முன்பக்கம் சுத்தமா காஞ்சு போச்சு. பவுடர் டப்பா காலியானதுக்கு மேக்னா ரெண்டு நாள் எங்கூடப் பேசலை, அது வேற விஷயம். ஆனா பின்பக்கப் பொட்டு மட்டும் நிக்கலை.

மில்லுல ஸ்பின்னிங் மாஸ்டரா இருந்தவன் பாருங்க, எதையும் எழுதி வெச்சாத்தான் எனக்குத் திருப்தி. ஒரு அட்டைப்பெட்டியக் கிழிச்சு வண்டிக்கு அடியில விரிச்சு, எந்த மணிக்கு எத்தனை சொட்டுன்னு பென்சில்ல குறிக்க ஆரம்பிச்சேன். காலையில ஒரு சொட்டு கூட இல்லீங்க. வெயில் ஏறி, பதினொரு மணிக்கு மேலதான் தொடங்கும். மூணு மணிக்கு மும்முரம். பொழுது விழுந்தா நின்னு போகும். வேலைக்குப் போற ஆளு மாதிரி ஒரு ஒழுங்கு. இன்னொரு அதிசயம், இவ்வளவு ஒழுகியும் எஞ்சின் ஆயில் ஒரு நூல் கூடக் கொறையலை. அளக்கற கம்பிதான் பொய் சொல்லுதுன்னு கம்பியை மாத்தினேன். புதுக் கம்பியும் அதையே சொல்லுச்சு.

உங்க தங்கச்சி ஒரு நா கோலம் போட வந்தவ, "ஏனுங்க, இங்க தேங்காய் எண்ணெ வாசம் அடிக்குதுங்களே"ன்னா. "உன்ற தலையில இருந்து வருது, போ அம்மணி"ன்னு சொல்லிப்போட்டேன். எனக்கு எந்த வாசமும் வராதுங்கிறதுதான் உங்களுக்குத் தெரியுமே, முப்பத்தோரு வருஷம் பஞ்சுத் தூசிக்கு மூக்கைக் குடுத்தவன், மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒண்ணுதான். பக்கத்து ஊட்டுப் பொன்னாத்தாள் நாயி வேற தினமும் மத்தியானம் வந்து தரையை நக்கிப்போட்டுப் போச்சு. "என்ற நாயி செத்துப் போச்சுன்னா நீங்கதான் பொறுப்பு"ன்னு அந்தம்மா காம்பவுண்டுச் சொவத்துக்கு மேல தலையை நீட்டி சத்தம் போடறாங்க. நானும் பயந்துதான் கெடந்தேன். ஆனா நாயி சாகலை, முடியெல்லாம் பளபளன்னு, கல்யாண மாப்பிள்ளையாட்டம் திரியுது.

இப்பச் சொல்லப் போறதுதான் மச்சான் எனக்கு வலிக்கிறது. கார்த்திகை மாசம் ஒரு சனிக்கிழமை, சிங்காநல்லூர்க் கடையில. ரசாக் மூணாவது தடவையா வண்டிக்கு அடியில படுத்து, ஒரு சொட்டை விரல்ல தொட்டு, கட்டை விரலால தேச்சு, கண்ணாடியை நெத்திக்கு ஏத்திப் பாத்துட்டு மெதுவாச் சொன்னான், "சார், இது நம்ம வண்டி ஆயிலே இல்லீங்க." எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ கோவம். "நம்ம வண்டிக்கு அடியில நம்ம வண்டி ஆயில் இல்லாம, பக்கத்து ஊட்டு வண்டி ஆயிலா வந்து ஒழுகுது? உனக்குக் கண்ணு போயிருச்சு ரசாக், இனிமே கடையை மூடிப்போட்டு ஊட்டுல உக்காரு"ன்னு, நாலு கஸ்டமர் நிக்கறப்ப சொல்லிப்போட்டேன்.  அவன் கையைப் பழைய துணியில தொடச்சான், பானெட்டைச் சத்தமில்லாம மூடினான், சாவியை எங்கையில குடுத்தான். "வேற நல்ல ஆளாப் பாத்துக்கங்க சார்"னான். அன்னைக்கு டீ வரலை. அதுக்கப்பறம் ஒம்போது சனிக்கிழமை ஆச்சு, நான் சிங்காநல்லூர்ப் பக்கம் போகலை. போக மூஞ்சி இல்லை.

அப்பறம் அவினாசி ரோட்டுல பாலகோபால்னு ஒருத்தரோட புது ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்க எல்லாரும் யூனிபாரம் போட்டிருக்காங்க, கையில கரியே இல்லை, அதுலயே நான் சந்தேகப்பட்டிருக்கணும். டிஃபரன்ஷியல் ஆயில் சீல் போயிருச்சுன்னாங்க, மாத்துனாங்க. மறுநாக் காலையில எட்டு மணிக்குக் கூப்பிட்டு, "பாருங்க சார், ஒரு சொட்டு இல்லை"ன்னாங்க. இல்லைதான். மத்தியானம் எங்க வாசல்ல பழையபடி. திரும்பக் கொண்டுபோனேன், சம்ப் பேக்கிங்னாங்க. அடுத்த தடவை கியர்பாக்ஸை எறக்கி ஏத்துனாங்க. ஒவ்வொரு தடவையும் காலையில எட்டு மணிக்குச் சுத்தமா இருக்கும். மார்கழிக் குளிர்ல ஒரு நா, பின்னாடி ஸ்பிரிங் பட்டையில வெள்ளையா மெழுகாட்டம் என்னமோ படிஞ்சிருந்துச்சு. இது என்னங்கன்னு கேட்டேன். பாலகோபால் நகத்துல சொரண்டிப் பாத்து, "கிரீஸுங்க சார், நல்ல குவாலிட்டி"ன்னார். எனக்கு எதுத்துப் பேசத் தெம்பில்லை, சரிங்கன்னு வந்துட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை மேக்னாவைக் கேட்டு மாப்பிள்ளை சசிதர் ஊட்டுக்காரங்க தாம்பூலத் தட்டோட வந்தாங்க. நான் முன்னாடியே வண்டியைத் தள்ளி நிறுத்தி, கறை மேல மரத்தூள் போட்டு, அதுக்கு மேல கோணிச் சாக்கை விரிச்சு வெச்சிருந்தேன். சம்பந்தி நல்ல மனுசன், சாக்கை மிதிக்க வேண்டாம்னு மரியாதையா அதை ஒதுக்கிட்டு ஓரமா காலை வெச்சார். நேரா கேட்டுல இருந்து கதவு வரைக்கும் நடக்காமயே வந்து சேந்துட்டார். விழலை, ரசாக் புண்ணியமா யாரு புண்ணியமோ, தூணைப் புடிச்சுட்டார். தட்டுல இருந்த எலுமிச்சம்பழந்தான் தெருவுக்குப் போச்சு. வெள்ளை வேட்டியில முழங்கால் வரைக்கும் கறுப்பு. "பரவாயில்லைங்க, பரவாயில்லைங்க"ன்னு அவரு சொன்னது ஏழு தடவை, நான் எண்ணினேன். அடுத்த மாசம் ஒம்பதாந்தேதி வெள்ளிக்கிழமை நிச்சயம்னு நல்லபடியா முடிவாச்சு. ஆனா அவங்க கெளம்பிப் போனதும் உங்க தங்கச்சி கதவைச் சாத்திட்டுச் சொன்னா, "நிச்சயத்துக்கு இந்த வாசல்ல ஒண்ணு இந்தக் காரு நிக்கோணும், இல்லாட்டி நான் நிக்கோணும். எங்கப்பன் காருதான், அதுக்காக எங்க சம்பந்தியைக் கொல்ல முடியாது."

அதனாலதான் மச்சான் இந்தக் கடுதாசி. வண்டியைக் குடுத்துட்டா எனக்கு என்ன இருக்குன்னு நெனச்சுப் பாத்தேன். மில்லு போச்சு, ரசாக் போயிட்டான், காலையில எந்திரிச்சு அட்டையைப் பாக்கற வேலைதான் ஒண்ணு மிச்சம். அதுவும் ஞாயித்துக்கிழமையோட முடியட்டும். டிரைவர்கிட்டச் சொல்லி வையுங்க, செகண்ட் கியர் கொஞ்சம் கெஞ்சினாத்தான் விழும்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். மாசாணியம்மன் அருளால் தோப்பில் காய் நன்றாகப் பிடித்து, தங்கள் குடும்பம் தழைத்து, நிச்சயத்துக்கு எல்லோரும் முதல் நாளே வந்து நிற்க வேண்டுமாய் விரும்பும்,

தங்கள் அன்பு மைத்துனர்,
ப. அழகிரிசாமி

பி.கு.: இன்னைக்கு வெள்ளிக்கிழமை. மேல எழுதினதை ரெண்டு நாளா ஒட்டாம வெச்சிருந்தேன். டிரைவரை அனுப்ப வேண்டாம். வண்டியைச் சுத்தமா ஒப்படைக்கணுமேன்னு இன்னைக்கு டிக்கியைத் தொறந்தேன். தீபாவளிக்குத் தேங்காய் எறக்குனவன், பஞ்சரே ஆகாததால அதுக்கப்பறம் தொறக்கவே இல்லை. ஸ்டெப்னிக்குப் பின்னாடி, பழைய சாக்கால மூடி, உங்க தோப்புத் தேங்காய் எண்ணெ ஒரு டின்னு. பாதிதான் இருக்கு. அடியில ஆணி முனை அளவு ஓட்டை, அதுக்கு நேரா டிக்கித் தரையில துரு அரிச்ச ஓட்டை. கீழ இருக்கற பழைய அழுக்கெல்லாத்தையும் கரைச்சுக் கறுப்பா எறங்கியிருக்கு. குளிருக்கு உறைஞ்சு, வெயிலுக்கு உருகி. மேல ஒரு சீட்டு, அக்கா கையெழுத்து: "மேக்னா தலைக்கு. மாப்பிள்ளை வேண்டாம்பார், சொல்லாதீங்க." மாப்பிள்ளைங்கிறது நான்தான். காப்பிக்கு எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு இப்பத்தான் புரியுது. தேங்காய் மூட்டை எனக்குக் கண்கட்டு.

உங்க தங்கச்சி டின்னைப் பாத்தா, என்னைப் பாத்தா, "நான் தீபாவளி முடிஞ்ச வாரமே சொன்னேன்"னா. பாவம், அவ்வளவுதான் சொன்னா. நான் டின்னைத் தூக்கி முன் சீட்டுல வெச்சு, நேரா சிங்காநல்லூர் போனேன். கடையில ஆளுக இருந்தாங்க. அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னதால இன்னைக்கும் எல்லார் முன்னாடியும் சொன்னேன். "ரசாக், நீ சொன்னது சரி, அது நம்ம வண்டி ஆயிலே இல்லை. உங்கண்ணு நல்லாத்தான் இருக்கு. என்ற வாய்தான் கெட்டுப்போச்சு. மன்னிச்சுரு." அவன் டின்னுக்குள்ள விரலை விட்டு, தேச்சுப் பாத்தான். சிரிக்கலை. அந்த வெரலைத் தலையில தடவிக்கிட்டு, வண்டிக்கு அடியில போய்ப் படுத்துட்டான்.  எனக்கு நிக்கறதா போறதான்னு தெரியலை.

அப்பறம் அடியில இருந்து கேக்கறான், "நான் போட்ட பேக்கிங்கையெல்லாம் எவனுங்க சார் பிரிச்சது?" பாலகோபால் சமாச்சாரத்தைச் சொன்னேன். ஒண்ணும் போகாத எடத்தையெல்லாம் பிரிச்சு, கோணலா மூடி வெச்சிருக்காங்களாம். ரசாக் வெளிய வந்தான், கண்ணாடி மேல பெருசா ஒரு கறுப்புச் சொட்டு. அதை விரல்ல தொட்டு, தேச்சு, என்ற மூஞ்சிக்கு நேரா நீட்டினான்.

"சார், இதுதானுங்க நம்ம வண்டி ஆயிலு."

மூணு எடத்துல ஒழுகுதாம். நிச்சயத்துக்குள்ள முடிச்சுடறேங்கிறான், ஆனா அவசரப்பட்டா சரி வராதாம், சனிக்கிழமை சனிக்கிழமை நான் கூட இருந்து பாக்கோணுமாம். நாளைக்குச் சனிக்கிழமை. ரெண்டு டீக்கு இன்னைக்கே சொல்லி வெச்சுட்டான்.