சுண்ணாம்பு வாட்சர்

சேர்வராயன் மலையில் அசையாமல் நின்ற எதுவும் சுண்ணாம்பு வாட்சரின் வெள்ளையடிக்கும் மட்டையிலிருந்து தப்பியதில்லை.

ஏற்காட்டின் பழைய ரேஞ்சர் ஆபீஸுக்குக் காவலர் அவர். வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் கட்டடம். பின்னறைதான் அவர் குடியிருப்பு. மேலதிகாரி வருகிறார் என்று காதில் விழுந்தால் போதும், சுண்ணாம்பு கரைத்துவிடுவார். சுவர், வேலிக்கல், சில்வர் ஓக் மரத்தின் இடுப்பு வரை எல்லாம் வெளுக்கும். அங்கே படுத்திருந்த மாடு ஒன்று பாதி வெள்ளையாக எழுந்துபோனது என்பது பக்கத்துத் தலைச்சோலை ஊர்க்காரர்களின் சாட்சியம்.

எனக்கு ஊர் வரலாறு எழுதும் பித்து. வாசல் கல்லில் கட்டிய வருடம் செதுக்கியிருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் நான் தேய்த்துத் தேய்த்து வெளியே கொண்டுவருவேன். அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்கு அவர் மூடிவிடுவார்.

ஒருநாள் தலையில் இடி விழுந்தாற்போல ஒரு சேதி வந்தது. கட்டடம் பாழடைந்துவிட்டதாம், இடித்துவிட்டு, சிமெண்டில் மரம் செய்து வைத்த டூரிஸ்ட் மையம் கட்டப் போகிறார்களாம். எஞ்சினியர் பார்த்துச் சரி என்றால் முடிந்தது.

"வாட்சரே, பாசியைக்கூடத் தொடாதீங்க. கட்டடத்தோட வயசு தெரியணும். அதைக் காட்டித்தான் காப்பாத்தணும்" என்றேன்.

"ஏனுங்க சார், ஆபீசர் வர்றப்ப மூஞ்சி கழுவாத நிக்கறதுங்களா? என்ற ஊடுங்க இது!"

காலையில் போய்ப் பார்த்தால் கட்டடம் கல்யாண மண்டபம்போல ஜொலித்தது. வருடம் போயே போச்சு. நான் தலையில் கை வைத்தபோது ஜீப் வந்து நின்றது.

எஞ்சினியர் சுற்றிச் சுற்றி வந்தார். "பாழடைஞ்சதுன்னாங்க, இதுவா? போன வருசம் கட்டினதாட்டம் இருக்குதே! இதை இடிச்சா ஆடிட்ல என் கழுத்தைத்தான் புடிப்பாங்க. எப்பங்க கட்டினது?"

நான் வாயைத் திறந்தேன். வாட்சர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "செத்த சும்மா இருங்க சாமி."

வாழ்க்கையில் முதல் முறையாக, தெரிந்த வருடம் ஒன்றைச் சொல்லாமல் விழுங்கினேன். ஜீப் திரும்பிப் போனது.

வாட்சர் ஓய்வு பெற்று, அடிவாரத்தில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போன மழையில் சுவரெல்லாம் பாசி. வேறொரு எஞ்சினியர் வருகிறார் என்று பேச்சு அடிபட்டது. போன் செய்தேன்.

"வாட்சரே, சுண்ணாம்புக்கு நீலம் எவ்வளவு போடணும்?"

"நொம்பப் போட்டா கெட்டுப்போயிருமுங்க. நீங்க ஒண்ணையும் தொட வேண்டாம். அடுத்த பஸ்ஸுக்கு வர்றனுங்க."

பஸ் வருவதற்கு வெகுநேரம் முன்பே போய் நின்றுகொண்டேன்.