இறந்த காலத்துக்குப் போன சனிக்கிழமை

மெல்பர்ன் வந்த ஆறாவது மாதம் ஆபீசில் என் மானம் கப்பலேறியது. நான் எழுதிய ரிப்போர்ட்டை மேனேஜர் திருப்பிக் கொடுத்தார். பைப் உடைந்துவிட்டதா, உடைந்துகொண்டிருக்கிறதா, இல்லை இனிமேல்தான் உடையுமா என்று கேட்டார். மூன்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மல்கிரேவ் வீட்டுக்குள் நுழைந்ததுமே மனைவியிடம் சபதம் செய்தேன்.

“விஜயா! திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் வீட்டுல இங்கிலீஷ் மட்டும்தான். டென்ஸ் தப்பாப் போனா, ஃப்ரிட்ஜ்ல ஒட்டின பேப்பர்ல ஒரு கோடு.”

“கோடு யாரு போடறது?”

“உன் தப்புக்கு நான். என் தப்புக்கு நீ.”

“ஜெயிச்சா என்ன கிடைக்கும்?”

“சனிக்கிழமை ஜெயிச்சவங்க இஷ்டம்.”

அன்றைக்குத்தான் கிரிக்கெட் மேட்ச். டிக்கெட் வாங்கியாகிவிட்டது. அன்றைக்கேதான் கிளேட்டனில் அவள் அத்தை மகள் இராஜேஸ்வரியின் பெண்ணுக்கு நாட்டிய அரங்கேற்றம். நாலு மணி நேரம், அப்புறம் நன்றியுரை. விஜயா பி.ஏ. தமிழ். நான் இன்ஜினியர். தொப்பியையும் சன்ஸ்கிரீனையும் அப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஃப்ரிட்ஜில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ‘மௌன விரதம். வெள்ளி ராத்திரி முடியும்.’

“யூ டிட் நாட் டோல்ட் மீ!”

ஒரு கோடு.

“ஓ... யூ ஹேவ் நாட் டெல் மீ?”

இன்னொரு கோடு.

“ஹேட் நாட் டோல்ட்?”

கொஞ்சம் யோசித்தாள். அதற்கும் போட்டாள்.

எது தப்பு என்று கேட்டால் விரதக்காரி வாயைத் திறக்க மாட்டாள். சரி, நானும் வாயை மூடிக்கொள்கிறேன் என்றால் டெலிபோன் அடித்தது. என்னைக் கைகாட்டினாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் கதவைத் தட்டினார். அதற்கும் நான்தான். விஜயா ஏன் பேசவில்லை என்று விசாரித்தார். எனக்குள் வந்தேன், வந்திருக்கிறேன், வந்திருந்தேன் எல்லாம் முட்டி மோதின.

“ஷீ இஸ் ஃபாஸ்டிங் ஹெர் மௌத் சின்ஸ் டுமாரோ,” என்றேன்.

அவர் பரிதாபப்பட்டு ஒரு பல் டாக்டர் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பிப் பார்த்தால் ஃப்ரிட்ஜில் இரண்டு கோடு கூடியிருந்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரி எண்ணினோம். எனக்கு நாற்பத்து மூன்று. அவளுக்குப் பூஜ்யம். டிக்கெட்டை ஆபீஸ் நண்பனுக்குத் தாரை வார்த்தேன். அழுகை வந்தது.

சனிக்கிழமை பட்டுப்புடவை சரசரக்கக் காரில் ஏறினாள். கிளேட்டன் சிக்னலில் மனசு கேட்காமல் கேட்டேன்.

“ஏம்மா, நிஜமாவே நாற்பத்து மூணு தப்பா பண்ணினேன்?”

“எனக்கென்னங்க தெரியும்? நீங்க முழிச்சப்பல்லாம் ஒரு கோடு போட்டேன்.”