வெர்லின் வீட்டு ஸ்லைடு உள்ளே வராத வரலாறு

மனித குலத்தின் மாபெரும் சாதனை நெருப்பு என்பார்கள், சக்கரம் என்பார்கள். இரண்டும் தவறு. பொத்தானை அழுத்தினால் மூன்றடி வெளியே வளரும் கூடம்தான் அந்தச் சாதனை. சோபா, சாப்பாட்டு மேஜை, ஜன்னல், திரைச்சீலை சகிதம், வண்டியில் கட்டி இழுத்துப் போகும் வீடான ட்ரெய்லரின் பக்கச்சுவர் அப்படியே வெளியே நகரும். கிளம்பும் நாளில் அதே பொத்தானை மறுபக்கம் அழுத்தினால் நல்ல பிள்ளையாக உள்ளே வந்து அடங்கும். மினசோட்டாவின் பனிக்குத் தப்பி ஆண்டுதோறும் அரிசோனா பாலைவனத்தில் வந்து கூடும் ஓய்வுபெற்ற பெருமக்கள் இதை ‘ஸ்லைடு’ என்கிறார்கள். சொல்லும்போது குரல் சற்றுத் தாழ்ந்துவிடும், கோயிலுக்குள் பேசுவதுபோல.

புதன்கிழமை காலை, ஆர்டிஸ் டோலஃப்சனின் ஸ்லைடு உள்ளே வர மறுத்தது. பொத்தானை அழுத்தினால் ‘டிக்’. அதற்கு மேல் ஒன்றுமில்லை. கம்பத்திலிருந்து வரும் மின்சாரத்தில் விளக்கெல்லாம் எரிந்தது, காபி கொதித்தது. ஆனால் ஸ்லைடின் மோட்டாருக்குப் பேட்டரியின் பலம் வேண்டும். ஸ்லைடு உள்ளே வராமல் ட்ரெய்லரை நகர்த்தவும் முடியாது.

“பேட்டரியை நான் பாத்துட்டேன்,” என்றார் கணவர் வெர்லின், முதல் வேலையாக.

சனிக்கிழமை மதியம் டூசான் நகரில் அவர்களுடைய ஒரே மகள் பிரிட்டாவுக்குக் கல்யாணம்.

அந்த ட்ரெய்லர் பூங்காவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் கையில் திருப்புளியைப் பார்த்துவிட்டால் போதும், மற்ற ஆண்கள் அழைக்காமலே மடக்கு நாற்காலியோடு வந்துவிடுவார்கள். காலை பத்து மணிக்குள் ‘தொழில்நுட்ப ஆலோசனைக் குழு’ முறைப்படி கூடியது. தலைவராக ஒரின் ஹாகன், மாவு மில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர், தம்மைத் தாமே ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். ட்ரெய்லரின் முன்மூக்கில் பேட்டரிப் பெட்டி இருக்கிறது. அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு, பெட்டிமேல் தம் மேல்சட்டையைக் கழற்றிப் போர்த்திவிட்டு அமர்ந்தார்.

“ஃபியூஸா இருக்கும்,” என்றார்.

ஃபியூஸை மாற்றினார்கள். ‘டிக்’.

“மோட்டாரா இருக்கும்,” என்றார் அடுத்த ட்ரெய்லர் லைல். மோட்டாரைச் சுத்தியலால் மரியாதையாகத் தட்டினார்கள். மோட்டார் அந்த மரியாதையைப் பொருட்படுத்தவில்லை.

“எலி கடிச்சிருக்கும்பா, வயர.”

“இந்த வெயில்ல எலியா? அது புத்தியிருந்தா இந்நேரம் கனடாவுல இருக்கும்.”

குழுவினர் தரையில் படுத்து அடியில் பார்த்தார்கள். படுத்த ஒருவர் எழ முடியாமல் மூவர் தூக்க வேண்டியதாயிற்று. அன்றைய பணி அத்துடன் இனிதே நிறைவுற்றது. வியாழனும் இப்படியே உழைப்பில் கழிந்தது. ஆர்டிஸ் உருளைக்கிழங்கு சாலட் செய்து கொடுத்தாள். சாலட் விஷயத்தில் மட்டும் குழு எந்தத் தாமதமும் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் கணவரைத் தனியே பிடித்தாள். “பிக்கப் வண்டி சும்மாதானே நிக்குது. ட்ரெய்லர இங்கயே விட்டுட்டு நாம ரெண்டு பேரும் போயிட்டு வந்துரலாம்.”

வெர்லின் அதிர்ந்து போனார். “ஸ்லைடு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கறப்ப விட்டுட்டுப் போறதா? காத்தடிச்சா என்னாகும்? அதுக்குன்னு யார் இருக்கா?”

“பிரிட்டாவுக்குன்னு யார் இருக்கா?”

“அவளுக்குத்தான் மாப்பிள்ளை வந்தாச்சே,” என்றவர் வோல்ட் அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது பிரிட்டா போனில் அழைத்தாள். அவள் கேட்டது ஒன்றுதான். “அம்மா, அப்பா வர்றாரா?”

“ஸ்லைடு இன்னும் சரியாகலம்மா.”

“அப்பாவாலயா சரி பண்ண முடியல?” என்றாள் மகள்.

போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி ஆர்டிஸை விடவில்லை. வெர்லின் மின்வாரியத்தில் கம்பியாளாக இருந்தவர். பனிப்புயலில் மாவட்டமே இருண்டு கிடந்த இரவுகளில், எங்கே அறுந்திருக்கிறது என்று மோப்பம் பிடித்ததுபோலக் கண்டுபிடித்துவிட்டு, விடிவதற்குள் மீசையில் பனியோடு வீடு திரும்புவார். அவருடைய மௌனங்களை அவள் வகைவகையாக அறிவாள். பசி மௌனம், கோப மௌனம், மீன் சிக்காத மௌனம். இந்த மூன்று நாள் மௌனம் எதிலும் சேரவில்லை. மூன்று நாளும் அவர் ஒருமுறைகூட எரிச்சல்படவில்லை. பழுது பார்க்கிற மனிதன் ஒரு தடவையாவது திட்டாமல் இருப்பானா?

அவள் வெளியே வந்தாள். மற்றவர்கள் லைலின் கூடாரத்துணிக்கு அடியில் ஒதுங்கியிருந்தார்கள். ஒரின் மட்டும் பேட்டரிப் பெட்டியின் முன்னால், உச்சி வெயிலில், தக்காளி நிறத்தில் அமர்ந்திருந்தார்.

“ஒரின், கொஞ்சம் எழுந்திரிங்க.”

“இங்க நிழல் நல்லாருக்கு, ஆர்டிஸ்.”

“எந்த நிழல்?”

ஒரின் அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒரு பறவைகூட உதவிக்கு வரவில்லை. ஆர்டிஸ் மேல்சட்டையை எடுத்தாள். பெட்டியின் பக்கத்தில் சிவப்புக் குமிழ். பேட்டரியைத் துண்டிக்கும் குமிழ் அது. ஆண்டுதோறும் வசந்தத்தில் ட்ரெய்லரைப் பூட்டி வைக்கும்போது அதைத் திருகி நிறுத்துவது அவள் வேலை. இப்போது யாரோ அவளுக்காக அதை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

“உங்களுக்குத் தெரியும்,” என்றாள்.

ஒரின் தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்தார். “என் பையன் பட்டம் வாங்குனப்ப எங்க ட்ரெய்லர்ல பிரேக் வேலை செய்யல.”

“நிஜமாவா?”

“ரொம்ப நல்லா வேலை செஞ்சுது.”

அவள் குமிழைத் திருகினாள். உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினாள், விரலை எடுக்கவில்லை. மோட்டார் முனகியது. சுவர் நகர்ந்தது, மேஜை நகர்ந்தது, திரைச்சீலை ஆடியது, சோபாவில் மீட்டரும் கையுமாக இருந்த வெர்லின் நகர்ந்தார். ஓர் அமைச்சரின் ஊர்வலம்போல மெதுவாக, நிமிர்ந்த முதுகோடு, தப்ப வழியின்றி வந்து, அவருடைய முழங்கால் அவள் முழங்காலில் இடித்ததும் நின்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் பேசுவதற்காக இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. அதற்கு ஒரு மோட்டார் தேவைப்பட்டது.

“நீதான நிறுத்துன?”

“பன்னெண்டு புள்ளி ஆறு வோல்ட்டு,” என்றார் வெர்லின், மீட்டரைப் பார்த்தபடி.

“வெர்லின்.”

அவர் மீட்டரைக் கீழே வைத்தார். “கையப் பிடிச்சு மேடை வரைக்கும் கூட்டிட்டுப் போகச் சொல்லிருக்கா. அவ்வளவு தூரம் நடக்கணும். நடுவுல அவ ஏதாவது கேட்டுட்டா?”

“என்ன கேப்பா?”

“மினசோட்டா வீட்ட ஏன் வித்தேன்னு. இனிமே எங்க வர்றதுன்னு. வித்த அன்னிக்குக் கேட்டா. நான் பதிலே சொல்லல.”

ஆர்டிஸுக்கு அவரைத் திட்ட வேண்டும்போல இருந்தது; விற்பனைப் பத்திரத்தில் தானும்தான் வாய் திறக்காமல் கையெழுத்துப் போட்டோம் என்பதும் நினைவுக்கு வந்தது. “கேக்கட்டுமே. பதில் சொல்லு.”

“என்னன்னு சொல்றது?”

“எனக்கென்ன தெரியும்? ‘டிக்’குன்னு ஒரு சத்தமாவது போடு. உயிர் இருக்குன்னு அவளுக்குத் தெரியட்டும்.”

ஒரு மணி நேரத்தில் ட்ரெய்லர் வண்டியில் பூட்டப்பட்டது. வெர்லின் ஓட்டுநர் இருக்கையில், கல்யாணக் கோட்டை இப்போதே போட்டுக்கொண்டு, வியர்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

குழு நிறைவுக் கூட்டம் போட்டது. பழுதுக்குக் காரணம் ‘ஈரப்பதம்’ என்று தலைவர் அறிவித்தார். மழையையே மறந்துவிட்ட அந்தப் பாலைவனத்தில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது, எல்லோரும் கைதட்டினார்கள். வெர்லின் மட்டும் தட்டவில்லை.

“வர்ற வாரம் எம் பொண்ணு வீட்டுக்கு நாங்க கிளம்பணும்,” என்றார் லைல், யாரையும் பார்க்காமல். “எங்க ஸ்லைடும் நேத்துலருந்து ஒரு மாதிரி சத்தம் போடுது.”

ஒரின் தம் நாற்காலியை மடக்கினார். மேல்சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரும் கேட்காமலே, லைலின் பேட்டரிப் பெட்டியை நோக்கி நடந்தார்.

வண்டி வாசலைத் தாண்டும்போது ஆர்டிஸ் திரும்பிப் பார்த்தாள். வரிசை வரிசையாக ட்ரெய்லர்கள், எல்லாவற்றிலும் ஸ்லைடு முழுதாக வெளியே நீண்டிருந்தது. எவ்வளவு திறமைசாலிகள்! ஊருக்கெல்லாம் விளக்கேற்றியவர்கள், மாவரைத்தவர்கள், பாலம் கட்டியவர்கள். அத்தனை பேரும் சேர்ந்து ஒரு சிவப்புக் குமிழைப் பார்க்காமல் இருப்பது சாமானியக் காரியமில்லை. அதற்கு, பிள்ளைகள் பிறந்த நாளிலிருந்தே பயிற்சி எடுத்திருக்க வேண்டும்.