கேட்ச் பிடித்த மாப்பிள்ளை

போனில் மாமனாரிடம் பெருமையடிக்கிற எந்த மாப்பிள்ளையும், அவர் விசா வாங்கி, விமானம் ஏறி, நேரில் வந்து சரிபார்ப்பார் என்று நினைத்து அடிப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. ஈரோட்டுக்கும் டெக்ஸாஸுக்கும் நடுவே அவ்வளவு தண்ணீர் கிடக்கிற தைரியத்தில், "எங்க ஆபீஸ் ஃபுட்பால் டீமே என்னை நம்பித்தான் மாமா இருக்கு" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். அவர் வந்துவிட்டார்.

அது 2004. (2005 என்பாள் என் மனைவி கவிதா. வருஷம் எதுவானாலும் மானம் போனது போனதுதான்.) அப்போது டெக்ஸாஸில் காப்பெல் என்ற ஊரில் இருந்தோம். சுற்றுவட்டார ஆபீஸ்களுக்குள் ஒரு ஃபுட்பால் லீக் நடக்கும். நம் ஊர்க் கால்பந்து அல்ல. இதில் தேங்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூம்பிய பந்தைக் கையால் எறிந்து பிடிக்க வேண்டும். ஆளுக்கு இடுப்பில் இரண்டு துணிப்பட்டை தொங்கும். பந்தோடு ஓடுகிறவனின் பட்டையை எதிராளி உருவிவிட்டால் ஆட்டம் அங்கேயே நிற்கும். உருவப்படாமல் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச் டவுன்.

எங்கள் டீமில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு ஆள் இருந்தது. தூர எறிந்து பிடிப்பதுதான் சுட்டுப்போட்டாலும் வரவில்லை. எறிகிறவர் என் மேனேஜர் கெவின். தங்கமான மனுஷன். ஆனால் அவர் கையை விட்டுக் கிளம்பிய பந்து எங்கே போகிறதென்று அவருக்கும் தெரியாது, பந்துக்கும் தெரியாது. செப்டம்பரில் பழகினால் சரியாகிவிடும் என்றார். அக்டோபரில் புது ஷூ வாங்கினார். நவம்பரில் காற்றைக் குறை சொன்னார். விஷயம் ஊர் பூராவும் பரவி, எதிர் டீம்காரர்கள் எங்கள் பாஸைத் தடுக்க ஆள் நிறுத்துவதையே விட்டுவிட்டார்கள். இதைவிட ஒரு அவமானம் உண்டா, சொல்லுங்கள்.

சரி, இதில் என் பங்கு என்ன? பெஞ்ச். பார்க்கிங் லாட் கிரிக்கெட்டில் நான் ஓடிப்போய் ஒரு கேட்ச் பிடித்ததைப் பார்த்து கெவின்தான் என்னை டீமில் சேர்த்தார். சேர்த்தாரே தவிர ஒரு ஆட்டத்திலும் இறக்கவில்லை. இந்த லட்சணத்தில் சீசனின் கடைசி ஆட்டம் பாக்கி இருக்கும்போது மாமா வந்து இறங்கினார்.

மாமா மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். கிழங்கைக் கையால் உடைத்துப் பார்க்காமல் யார் சொல்வதையும் நம்பமாட்டார். ஒரே பெண்ணை இவ்வளவு தூரம் கொடுத்துவிட்டோமே, மாப்பிள்ளை உருப்படியான ஆள்தானா என்ற சந்தேகம் அவருக்குக் கல்யாணத்திலிருந்தே உண்டு. நானும் உருப்படிதான் என்று அவரிடம் காட்ட எனக்கு இருந்தது அந்த ஒரே ஒரு சனிக்கிழமை.

"ஏனுங்க, இப்பவாச்சும் அப்பாகிட்ட உண்மையச் சொல்லிப் போடுங்க" என்றாள் கவிதா. நான் எங்கே கேட்டேன்? நேராகக் கெவினிடம் போய், மாமனார் வந்திருக்கிறார், ஒரே ஒரு பந்து போதும் என்று கெஞ்சினேன். கெவினுக்கும் மாமனார் உண்டு. என் தோளைத் தட்டினார்.

சனிக்கிழமை நல்ல குளிர். கவிதாவின் ரோஸ் கலர் குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மாமா மைதானத்து ஓரத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடியும் தறுவாயில், ஒரு டச் டவுன் அடித்தால் ஜெயிப்போம் என்ற நிலையில், கெவின் என்னைக் கைகாட்டி உள்ளே கூப்பிட்டார்.

ஓடினேன். என்னைக் காவல் காக்க ஒரு ஈ காக்கை இல்லை. கெவின் எறிந்தார். அந்த சீசனிலேயே முதல் முறையாகப் பந்து ஒரு மனிதனை நோக்கி வந்தது. (அது அந்தப் பக்கம் ஓடிய வேறொருவருக்கு எறிந்ததாம். பிறகுதான் சொன்னார்.) எகிறினேன். இரண்டு கையாலும் பிடித்தேன். கண்ணெதிரே கோடு. நடந்து போனால்கூடத் தாண்டிவிடலாம். எங்கள் டீமே "ரன்! ரன்!" என்று கத்தியது.

ஆனால் என் கை ஈரோட்டில் வளர்ந்த கை. கேட்ச் பிடித்தால் அது என்ன செய்யும்? பந்தை வானத்தில் தூக்கிப் போடும். போட்டது. அவுட் என்று நானே விரலையும் உயர்த்திவிட்டேன். (அம்பயர் கொடுக்கும்வரை எனக்குப் பொறுமை இல்லை.) திரும்பி, டீம் ஓடிவந்து கட்டிப்பிடிக்கட்டும் என்று இரண்டு கையையும் விரித்து நின்றேன். ஒருவன்தான் ஓடி வந்தான். எதிர் டீம்காரன். மேலேயிருந்து இறங்கிய பந்தைப் பிரசாதம் மாதிரி வாங்கிக்கொண்டு, என்னைத் தாண்டி அந்தக் கோடிவரை ஓடி அவன் டச் டவுன் அடித்தான். நான் கையை விரித்தபடியே நின்றேன்.

மைதானத்தில் சத்தமே இல்லை. ஒரே ஒருவர் மட்டும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். ரோஸ் ஜாக்கெட்.

கெவின் புல்லில் உட்கார்ந்தார். வேலை போச்சுடா என்று நினைத்தேன். மனுஷன் மல்லாந்து படுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்து, இந்த சீசனில் தான் தூர எறிந்து ஒருவன் பிடித்த பந்து இது ஒன்றுதான் என்று தழுதழுத்தார். தோற்றதை அவர் மறந்தே போய்விட்டார். டீம் மொத்தமும் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடியது. ஜெயித்தவர்கள் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காரில் ஏறியதும், "மாமா, நாம தோத்துட்டோம்" என்றேன்.

"அதெப்படீங்க மாப்ள? கீழ படாமப் புடிச்சாச்சு. அப்பறம் எதுக்கு ஓடோணும்?"

ஓட்டிக்கொண்டிருந்த கவிதா, சிரிப்பை அடக்க முடியாமல் காரை ஓரமாக நிறுத்திவிட்டாள்.

இனி மறைத்து என்ன? "மாமா, நான் இந்த சீசன் பூராவும் பெஞ்சுலதான் இருந்தேன்" என்று போட்டு உடைத்தேன்.

"அது நான் வந்த அன்னிக்கே கவிதா சொல்லிப்போட்டாளுங்க" என்றார் மாமா. "ஆனா அந்தக் கேட்ச் இருக்குது பாருங்க, அதை என் கண்ணால பாத்தனுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பிய மாமா மண்டியில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, என் கேட்ச்சைப் பார்த்து அமெரிக்காவே வாயடைத்து நின்றது என்று ஆக்கிவிட்டார். கவிதாவிடம்தான் இன்றுவரை தப்பிக்க முடியவில்லை. கிரீன் கார்டு இன்டர்வியூ நன்றாக நடந்தது என்று நான் ஸ்வீட் வாங்கி வந்த அன்று, "கோட்டைத் தாண்டியாச்சுங்களா?" என்றுதான் கேட்டாள்.

அதற்கெல்லாம் உச்சம் எங்கள் மகள் பிறந்த அன்று நடந்தது. நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி என் இரண்டு கையிலும் வைத்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கட்டிலிலிருந்து, பேசத் தெம்பில்லாத குரலில் கவிதா சொன்னாள்:

"ஏனுங்க, புடிச்சிட்டீங்கல்ல? தூக்கிப் போட்றாதீங்க."