சுலபாவுக்கு ஒரு லாகின்

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஸ்ரீரங் தாம்லே ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். இனிமேல் மனைவி எதைச் செய்வதென்றாலும் தன்னிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

உடனே அவரைப் பெரிய சர்வாதிகாரி என்று நினைத்துவிடாதீர்கள். புனே கோத்ரூடில், மாடிப்படியில் பூனை எதிரே வந்தால்கூட ஒதுங்கி நின்று வழிவிடுகிற மனிதர் அவர். அவருக்கு வேண்டியிருந்தது அதிகாரம் இல்லை, போன். அனுமதி கேட்கவாவது அவள் போன் செய்வாள் அல்லவா?

அவள் பெயர் சுலபா. சுலபமெல்லாம் பெயரோடு சரி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். காலமான அப்பாவின் வீடு சாத்தாராவில் பூட்டிக் கிடந்தது. மழை வருவதற்குள் அதைச் செப்பனிட்டே தீருவது என்று மார்ச் மாசம் பெட்டியோடு கிளம்பியவள், இரண்டு மாசமாக அங்கேயே இருந்தாள். இரண்டு நாளைக்கு ஒரு தடவை போன் வரும், மராத்தியில் 'ஏங்க' என்கிற அந்த 'அஹோ'வோடு.

"அஹோ, சாப்பிட்டீங்களா?"

"ம்."

"கேஸை மூடினீங்களா?"

"ம். அப்புறம் சுலபா, நேத்து என்ன ஆச்சுன்னா..."

"சரி, மணல் லாரி வந்துடுச்சு. வைக்கறேன்."

இவ்வளவுதான் தாம்பத்தியம். தாம்லேக்கு வேலையும் வீட்டிலிருந்தபடியேதான். சக ஊழியர்கள் எல்லாரும் கணினித் திரையில் ஸ்டாம்பு அளவு முகங்கள், வாயையும் அணைத்து வைத்திருப்பார்கள். பேச ஆளில்லாமல் மனிதர் தவித்துப்போனார். குக்கர் விசில் அடித்தால் "இதோ வந்துட்டேன்" என்று பதில் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது. மூன்றாவது விசிலுக்கு "ஏன் கத்தறே?" என்று கோபித்துக்கொள்ளவும் ஆரம்பித்தார்.

அவருடைய உத்தியோகத்தையும் சொல்லிவிட வேண்டும். பெரிய பெரிய வேலைகளைப் பட்டியல் போட்டு நடத்துகிற ஒரு சாஃப்ட்வேர். அதில் வாடிக்கையாளர் எதைப் பார்க்கலாம், எதைத் தொடலாம் என்று பூட்டும் சாவியும் போடுவது தாம்லேயின் இலாகா. பதினோரு வருஷமாக அவர் கம்பெனி கம்பெனியாகச் சொல்லி வந்த மந்திரம் ஒன்றுதான்: வாடிக்கையாளர் எல்லாவற்றையும் பார்க்கட்டும், எதையும் தொட வேண்டாம். பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்குச் சந்தோஷம். தொடாமல் இருந்தால் நமக்குச் சந்தோஷம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் சாத்தாரா வீட்டையே அந்தப் பட்டியலில் ஏற்றினார். டைல்ஸ், குழாய், ஜன்னல், பின்கட்டுக்குப் புதுத் தளம், எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். ஒரு கட்டம் முடிந்து அடுத்ததற்குப் போக ஒரு டிக் விழ வேண்டும். டிக் போடும் உரிமை உலகத்திலேயே ஒருவருக்குத்தான். சுலபாவுக்கு ஒரு லாகின் கொடுத்து, அவள் பெயருக்கு எதிரே 'வாடிக்கையாளர்' என்று போட்டுவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பதினோரு மணிக்கே மணியடித்தது.

"அஹோ, குளியலறைக் கட்டத்துல டிக் விழ மாட்டேங்குதே?"

"அதுக்கு அனுமதி வேணும்."

"யாரோட அனுமதி?"

"என்னோடது."

"ஏன், புனேயிலேர்ந்து வந்து தினம் நீங்களா குளிக்கப் போறீங்க?"

"முறைன்னு ஒண்ணு இருக்கு சுலபா. என்ன கலர் டைல்ஸ்? விவரமா சொல்லு. நிதானமா சொல்லு. எனக்கு அவசரமே இல்லை."

மூன்று நாளில் பதினாலு போன். தாம்லே சொர்க்கத்தில் மிதந்தார். போனில் பேசுவதற்காக இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். ஜன்னல் கொக்கிக்கு மட்டும் இருபது நிமிஷம் ஆலோசனை நடந்தது. இடது கை வாட்டமா, வலது கை வாட்டமா என்று அவர் கேட்ட கேள்விகளை ஒரு ஜன்னலும் தன் ஆயுளில் சந்தித்திருக்காது.

நாலாம் நாள் சுலபாவின் குரலில் தேன் வழிந்தது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். துளசிக்குத் தண்ணீர் விடுகிறாரா என்று கேட்டாள். அப்பாவின் சாய்வு நாற்காலி பரணில் கிடைத்ததைச் சொன்னாள். நாற்பது நிமிஷம்! கல்யாணமான வருஷத்துக்கு அப்புறம் அவ்வளவு நேரம் அவள் அவரோடு பேசியதில்லை.

"ஆபீஸ் வேலைக்கு நடுவுல உங்களைப் பத்து தடவை கூப்பிட எனக்கு மனசே வரலை."

"சேச்சே. கூப்பிடு, கூப்பிடு."

"பாவம், உங்களுக்கு எவ்வளவு தொந்தரவு! அந்த டிக் போடற உரிமையை என் பக்கம் திறந்து விட்டுடுங்களேன். வீட்டு வேலை அது பாட்டுக்கு நடக்கும். நாம இப்படி நிம்மதியாப் பேசிக்கிட்டு இருக்கலாம்."

யாருக்கும் தராதீர்கள் என்று பதினோரு வருஷமாக ஊருக்கு உபதேசம் செய்தவர், கண் கலங்க, இரண்டே சொடுக்கில் முழு அதிகாரத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அங்கே டிக் மட்டும் மளமளவென்று விழுந்துகொண்டிருந்தது.

போன் நின்ற ஐந்தாம் நாள் தாம்லேக்குத் தாங்கவில்லை. கூப்பிட்டுக் கெஞ்ச வெட்கம். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் குறிப்பு எழுத ஓர் இடம் இருந்தது. பின்கட்டுத் தளத்துக்குக் கீழே அவர் எழுதினார்: 'சுலபா, இன்றைக்கும் பருப்பும் சாதமும்தான். மறந்துபோய் இரண்டு தட்டு எடுத்துவிட்டேன். ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். வைக்கும்போது என்னவோ போல் இருந்தது.' வேலையில் சம்பந்தப்பட்டவர்கள் மட்டுமே பார்க்கலாம் என்று குறியும் போட்டார். சம்பந்தப்பட்டவர்கள் என்றால் அவரும் அவளும். வேறு யார்?

மறுநாள் காலை தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"சாஹேப், நான் கோண்டிபா. சாத்தாரா வீட்டுக் கொத்தன்."

"சொல்லுங்க."

"அந்த ரெண்டு தட்டு விஷயம் படிச்சோம் சாஹேப். மனசு கேக்கலை. எலக்ட்ரீஷியன் அழுதே போட்டாரு."

"படிச்சோம்னா... யாரு?"

"எங்க ஆறு பேருக்கும் வஹினி, அதான் உங்க வீட்டம்மா, லாகின் குடுத்திருக்காங்களே! எதுக்கெடுத்தாலும் என்னை வந்து கேக்காதீங்க, நீங்களே பார்த்துக்குங்கன்னு. ரொம்ப வசதி சாஹேப். டைல்ஸ்காரர் கண்ணாடி எடுத்துட்டு வரலை. அதனால டீ நேரத்துல நான்தான் சத்தமாப் படிச்சேன்."

"வஹினி கேட்டாங்களா?"

"கேட்டாங்க. டம்ளரை வச்சுட்டு உள்ள போயிட்டாங்க."

வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. ஊர் முழுக்க யார் எதைப் பார்க்கலாம் என்று பூட்டுப் போடுகிறவர், தன் மனசைத் திறந்து ஆறு தொழிலாளிகள் முன்னால் காயப் போட்டிருக்கிறார். எழுதியதையாவது அழித்துவிடலாம் என்று கணினிக்கு ஓடினார். அழிக்க முடியவில்லை. அவர் பெயருக்கு எதிரே 'வாடிக்கையாளர்' என்று இருந்தது.

போனை எடுத்தார்.

"சுலபா, என்னை ஏன் வாடிக்கையாளரா மாத்தினே?"

"எல்லாத்தையும் பார்க்கலாம், எதையும் தொடக்கூடாது. உங்க மந்திரம்தானே? இடது கை வாட்டம் வலது கை வாட்டம்னு கேட்டே என் ஜன்னல் மூணு நாள் நின்னுது."

"ஜன்னலுக்காகவா கேட்டேன்? வீடு வெறிச்சுனு இருக்கு சுலபா. உன் குரல் கேட்கணும்னு இருந்தது. அவ்வளவுதான்."

"அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது?"

"இப்ப சொன்னீங்களே, அப்படி. உங்க ஆபீஸே தோள்ல மாட்டற ஒரு பைக்குள்ள இருக்கு. அதைத் தூக்கிக்கிட்டு சாத்தாரா பஸ் ஏற யார் அனுமதி வேணும் உங்களுக்கு?"

இரண்டு மாசத்தில் இது அவர் மூளைக்கு ஒரு தடவைகூட எட்டவில்லை. வெள்ளிக்கிழமை காலை சுவார்கேட் பஸ் நிலையத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்தார். ஒரு பையில் கணினி. இன்னொன்றில் அரை கிலோ பாகர்வடிப் பலகாரம், சுலபாவுக்குப் பிடிக்கும் என்று.

வாசலில் அவள் நின்றிருந்தாள். நல்ல புடவை, தலையில் பூச்சரம். உள்ளே தேங்காய்ப்பூ தூவிய அவல் போஹே, இஞ்சி டீ. தனக்காகவா இத்தனையும் என்று தாம்லே குளிர்ந்துபோனார். வாய் நிறையத் தின்றுகொண்டே நிமிர்ந்தவர், கதவோரத்தில் அவள் பெட்டியைப் பார்த்தார்.

"அது என்ன?"

"நல்ல சமயத்துல வந்தீங்க. பின்கட்டுத் தளம் முந்தாநாள்தான் போட்டாங்க. மேல சின்னதா வரப்பு கட்டி தண்ணி நிறுத்தியிருக்கு. மூணு வேளையும் பார்த்து ஊத்தணும். காஞ்சா வெடிச்சிடும். கோண்டிபா இன்னிக்கு வேற வேலைக்குப் போயிட்டார்."

"அது சரி, நீ?"

"புனேயில எங்க மகளிர் சங்கம் நாடகப் போட்டிக்குப் போகுது. எனக்கு மாமியார் வேஷம். நாளையிலேர்ந்து ஒத்திகை."

"எத்தனை நாள்?"

"தளத்துக்கு எத்தனை நாளோ அத்தனை நாள். இருபத்தொண்ணு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"பட்டியல்ல தேதியோட போட்டிருக்கேனே. பார்க்கத்தான் உங்களுக்கு உரிமை இருக்கே. பார்க்கலையா?"

அவர் எங்கே பார்த்தார்? இரண்டு நாளாகத் தன் குறிப்புக்குக் கீழே அவள் ஏதாவது எழுதியிருக்கிறாளா என்பதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோ வந்துவிட்டது. சுலபா அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். கை ஒரு நிமிஷம் தோளிலேயே நின்றது. "தினம் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுவேன். சத்தியமா" என்றாள். பிறகு பாகர்வடிப் பொட்டலத்தை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஏறிப் போனாள்.

தாம்லே குழாயை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். புதுத் தளத்தில் அரையடித் தண்ணீர் அசையாமல் நின்றது. கீழே நாலு அறை, பூட்டின கொல்லை, ஒரு சாய்வு நாற்காலி. குக்கர்கூட இல்லை, அதைச் சுலபா புனேக்கு எடுத்துப் போயிருந்தாள். தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்.

சட்டைப் பையில் போன் ஒலித்தது. குழாயைப் போட்டுவிட்டு, ஈரக் கையோடு ஆவலாக எடுத்தார். பட்டியலிலிருந்து ஓர் அறிவிப்பு.

'சுலபா தாம்லே இந்த வீட்டின் முழு அதிகாரத்தையும் உங்களுக்கு வழங்கியிருக்கிறார்.'