பெண் பார்க்க டாக்கோவோடு போனேன்

பெண் பார்க்கப் போகிறவன் அதற்கு முன்னால் அந்தப் பெண்ணோடு போனில் பேசவே கூடாது. போட்டோவில் மனிதன் வாயை மூடிக்கொண்டிருக்கிறான். அதனால் அவனுக்குக் கொஞ்சம் மதிப்பு இருக்கிறது. போனில் வாயைத் திறந்தால் அதுவும் போய்விடும். எனக்குப் போனது.

அப்போது நான் டெல்லி துவாரகாவில் ஒரு சொசைட்டி பிளாட்டில் நண்பன் ஒருவனோடு தங்கி, விமானச் சரக்குக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் கோவில்பட்டி. எனக்குப் பெண் தேடும் பொறுப்பை என் தாய்மாமா சங்கரன் எடுத்துக்கொண்டிருந்தார். மத்திய அரசு ஆபீஸில் வேலை பார்ப்பவர், கிருத்திகை தவறாமல் மலை மந்திர் முருகன் கோவிலில் ஆஜராகிறவர். அங்கே அவருக்குப் பழக்கமானவர்தான் உமாவின் அப்பா. திருநெல்வேலிக்காரர், ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்.

அதுவரை என்னைப் பார்த்த வீடுகள் எல்லாம் 'ஜாதகம் பொருந்தலை' என்று நாகரிகமாகச் சொல்லி அனுப்பியிருந்தன. (ஜாதகமே வாங்காத வீடுகூட அப்படித்தான் சொன்னது.) உமாவின் போட்டோவைப் பார்த்ததுமே, இந்த வீட்டிலும் அப்படிச் சொல்லிவிட்டால் தாங்க மாட்டேன் என்று தோன்றிவிட்டது. அந்த நிலைமையில்தான் பெரியவர்கள் சம்மதத்தோடு போனில் பேசினேன்.

"எங்க வீட்டுல மெக்ஸிகன் சாப்பாடு அடிக்கடி செய்வாங்க. எனக்கு ரொம்பப் பிடிக்கும். உங்களுக்கு?" என்று கேட்டாள் உமா.

"மெக்ஸிகனா? எனக்கு உயிராச்சே!" என்றேன்.

மெக்ஸிகோவைப் பற்றி அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், கால்பந்தாட்டத்தில் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள் என்பது மட்டும்தான். போனை வைத்ததும் அறை நண்பனிடம், "ஏலே, மெக்ஸிகோக்காரங்க என்னதாம்லே திங்காங்க?" என்று கேட்டேன். அவன் மாலில் இருந்த ஒரு அமெரிக்க பாணிக் கடைக்கு என்னை அழைத்துப் போனான்.

அங்கேதான் என் ஞானம் முழுவதையும் பெற்றேன். மொறுமொறுவென்று வளைந்த ஓட்டுக்குள் ராஜ்மா, பனீர் டிக்கா, முட்டைக்கோஸ், அதன் மேல் மஞ்சளாக ஒரு சீஸ் குழம்பு. அதற்குப் பெயர் டாக்கோ. கடித்த மாத்திரத்தில் பாதி வாயிலும் பாதி மடியிலும் விழும். சுவரில் தொப்பி போட்ட கள்ளிச்செடி. கல்லாவில் இருந்த பீகார் பையன் எல்லோரையும் ஸ்பானிஷ் மொழியில் வரவேற்றான். அந்த வாரம் முழுக்க ராத்திரிச் சாப்பாடு எனக்கு அங்கேதான். சட்டையில் சிந்தாமல் தலையைச் சாய்த்துக் கடிக்கும் வித்தை கைவந்த அன்று, மெக்ஸிகோவில் இனி நான் அறிய வேண்டியது எதுவும் இல்லை என்று முடிவு செய்தேன்.

பெண் பார்க்கும் நாளும் வந்தது. பழமும் பூவும் மாமா வாங்கிவிடுவார். நான் என் பங்குக்குப் பெரிய பெட்டி நிறைய டாக்கோ வாங்கிக்கொண்டேன். மே மாத வெயில். மெட்ரோ ஸ்டேஷனில் பெட்டியை எக்ஸ்ரே மெஷினுக்குள் விட்டு எடுத்ததும் காவலர் நிறுத்தினார்.

"இஸ்மே க்யா ஹை?"

"கானா ஹை, பையா. மெக்ஸிகன்."

சாப்பாடு என்று நான் சொன்னதை நம்பாமல் அவர் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு குலுக்கிப் பார்த்தார். உள்ளே என்னமோ 'தொளக்' என்றது. திருப்தியாகிப் போகச் சொல்லிவிட்டார்.

ஆர்.கே.புரம் ஸ்டேஷன் வாசலில் மாமா காத்திருந்தார். "அது என்னடே பொட்டி?"

"மெக்ஸிகன் சாப்பாடு மாமா."

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, வெசயம் தெரிஞ்சுதான் வாங்கிருக்கே! கெட்டிக்காரன்டே நீ. அந்த வீட்டுல ரொம்ப சந்தோசப்படுவாங்க."

என்ன விஷயம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பாராட்டு கிடைக்கும்போது விளக்கம் கேட்கிற வழக்கம் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது.

உமாவின் வீட்டில் என்னைக் கூடத்துச் சோபாவில் சுவரோரமாக உட்கார வைத்தார்கள். அப்பா எதிரே நாற்காலியில் அமர்ந்தார். அம்மா வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். உமாவின் அண்ணன் ஆபீஸ் வேலையாக மும்பை போயிருந்தான். உமா வந்து எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள். போட்டோவில் இருந்ததைவிட அழகாக இருந்தாள்.

பின்னாலேயே ஒரு பெண் பெரிய தட்டோடு வந்தார். மாநிறம், முழங்கை தடிமனில் கறுத்த ஜடை, அதில் மல்லிகை, சுங்குடிச் சேலை, வட்டப் பொட்டு.

"எங்க மதினி. இன்னிக்கு எல்லாம் அவங்க சமையல்தான்" என்றாள் உமா.

"உக்காரு, உக்காரு. மாமா, நீயும் சாப்டு. ஜல்தி, ஆறிப்போவுது" என்றார் மதினி, என்னையும் மாமாவையும் பார்த்து.

'நீங்க' என்பதே வரவில்லை, நடுவில் ஹிந்தி வேறு. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண்போலிருக்கிறது, பாவம், இங்கே பிள்ளைகளின் தமிழ் இப்படித்தான் ஆகிவிடுகிறது என்று மனதுக்குள் பெருந்தன்மையோடு மன்னித்தேன்.

பெண் பார்க்கப் போனால் சொஜ்ஜியும் பஜ்ஜியும் வரும் என்பதுதான் நான் அறிந்த உலகம். இங்கே வந்த தட்டில், மக்காச்சோளத் தோகையில் பொட்டலம் கட்டி ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை போல ஒன்று இருந்தது. பக்கத்தில் உருளைக்கிழங்கின் மேல் வத்தக்குழம்பு நிறத்தில் கெட்டியாக ஒரு குழம்பு. துணியில் சுற்றி ஆவி பறக்கும் மக்காச்சோள ரொட்டிகள்.

"உங்களுக்கு மெக்ஸிகன்னா உயிர்னு உமா சொல்லிச்சு. அதான் மருமக நேத்துலேர்ந்து அடுப்படிய விட்டு வரல" என்றார் அப்பா.

நான் கொழுக்கட்டையைப் பிரித்து ஒரு வாய் போட்டேன். பிரமாதமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருந்தால் இந்தக் கட்டுரையே எழுத வேண்டியிருந்திருக்காது. ஆனால் உமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் ஞானத்தைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்று பட்டது.

"நல்லாருக்கு மதினி" என்று ஆரம்பித்தேன். (நிச்சயமாவதற்கு முன்பே உறவு கொண்டாடிவிட்டேன்.) "ஆனா தப்பா நெனைக்காதீங்க. இது மெக்ஸிகன் கெடையாது."

கூடத்தில் இருந்த தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. எல்லோரும் ஆர்வமாகக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

"இப்ப இந்த ரொட்டி இருக்குல்லா, இது மக்கி கி ரொட்டி. பஞ்சாபிங்க சாப்பிடுறது. மெக்ஸிகன்னா இப்படித் துணி மாதிரி மடங்காது, கடிச்சா ஒடியணும். இந்தக் குழம்பு நம்ம ஊரு சாயல்ல இருக்கு. அவங்க குழம்பு மஞ்சளா இருக்கும், சீஸ்ல பண்ணுவாங்க. கொழுக்கட்டைங்கிற பேச்சே அங்க கெடையாது. யூடியூப்ல எவனாவது தப்பா சொல்லிக் குடுத்திருப்பான்."

மாமா என் தொடையைக் கிள்ளினார். நன்றாகப் பேசுகிறேன், மேலே பேசு என்கிறார் என்று நினைத்தேன். கை தன் பாட்டுக்குத் தட்டைக் காலி செய்துகொண்டிருக்க, வாய் தன் பாட்டுக்கு உபன்யாசம் செய்தது. மதினி இன்னும் இரண்டு கொழுக்கட்டையை வைத்தார். அதையும் குறை சொல்லிக்கொண்டே தின்றேன்.

"கவலப்படாதீங்க, நெசமான மெக்ஸிகன் நான் கொண்டாந்திருக்கேன்" என்று பெட்டியைத் தட்டிக் காண்பித்துவிட்டு, பேச்சை இதமாக முடிக்கலாம் என்று கேட்டேன். "ஆமா, உங்களுக்குப் பூர்வீகம் எது மதினி? திருநெல்வேலியேதானா?"

"மெக்ஸிகோ" என்றார் மதினி.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "நல்லா தமாஷ் பண்ணுதீங்க! நீங்க மெக்ஸிகோன்னா நான் ஜப்பான்!"

யாரும் சிரிக்கவில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். கிள்ளிக் கிள்ளி அவருக்கு விரல் ஓய்ந்துபோயிருந்தது.

"நெசமாத்தாங்க" என்றாள் உமா மெதுவாக. "அண்ணன் வேலைக்குப் போன எடத்துல பழகிக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. மதினி ஊரு மெக்ஸிகோவுல பூயேப்லா. உங்க மாமா சொல்லலையா? பின்னால பாருங்க."

திரும்பிப் பார்த்தேன். இவ்வளவு நேரம் நான் சாய்ந்திருந்த சுவரில், என் தலைக்கு நேர் மேலே, கல்யாணப் போட்டோ. மாலையும் கழுத்துமாக உமாவின் அண்ணன், மதினி, அவர்களைச் சுற்றி மதினியின் சொந்தபந்தம் மொத்தமும் வரிசையாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

உமா சொல்லியிருப்பாள் என்று மாமாவும், மாமா சொல்லியிருப்பார் என்று உமாவும் இருந்துவிட்டார்கள். யாரைக் குற்றம் சொல்ல? என் உடம்பில் இருந்த ரத்தமெல்லாம் காதுக்கு வந்துவிட்டது. உமா எனக்கு இல்லை என்பது அந்த நிமிஷத்தில் தெளிவாகத் தெரிந்தது. அழுகை வரும்போல இருந்தது.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தம்பி, உங்க ஆபீஸ் கேன்டீன்ல சாம்பார் எப்படி?"

பேச்சை மாற்றிக் காப்பாற்றுகிறார், தெய்வம் என்று நினைத்தேன். "அத சாம்பார்னு சொன்னா நாக்கு அழுகிரும் சார்! சீனியப் போட்டு, காரட்டப் போட்டு... நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். அந்த ஆளு என்கிட்டயே, இதுதான் ஒரிஜினல் மதராஸி சாம்பார், உனக்குத் தெரியாதுன்னு..." என்று வேகமாகப் போனவன், பாதியில் நின்றேன். அப்பா தலையை ஆட்டினார்.

அதற்குள் மதினி என் பெட்டியைத் திறந்துவிட்டார். மெட்ரோ காவலரின் குலுக்கலும் மே மாத வெயிலும் சேர்ந்து உள்ளே எல்லாவற்றையும் ஒரே பிண்டமாக ஆக்கியிருந்தன. மதினி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, பரீட்சை பேப்பர் திருத்துகிறவர்போல நிதானமாக மென்றார்.

"அப்பளம் தண்ணியில விழுந்துருச்சு" என்றார். "அமெரிக்காவுல இது சாப்ட்ருக்கேன். அங்க தண்ணியில விழல. எங்க அம்மா பாத்தா அழும்." பிறகு என்னைப் பார்த்து, "வா" என்று அடுக்களைக்கு நடந்தார்.

நான் பின்னால் போனேன். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, கழுவி அரைத்த மாவு அங்கே இருந்தது. நாம் வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பு. பான் கடையில்தான் வாங்குகிறாராம். இந்த வீட்டில் எத்தனை பேர் இப்படி வெற்றிலை போடுகிறார்கள் என்று கடைக்காரருக்குத் தீராத சந்தேகமாம். தோகை, சுட்ட சோளக்கதிர் விற்கும் பூட்டா வண்டிக்காரர் குப்பையில் போடுவதை வாங்கிப் பால்கனியில் காயவைத்தது. குழம்புக்கு மிளகாய் வற்றல் மட்டும் மெக்ஸிகோவிலிருந்து மதினியின் அம்மா அனுப்புகிறார்.

"தட்டு" என்று ஓர் உருண்டையை என் கையில் வைத்தார். தட்டினேன், கிழிந்தது. மறுபடி வைத்தார், மறுபடி கிழிந்தது. பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பதைத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே மாப்பிள்ளை வியர்க்க விறுவிறுக்க ரொட்டி தட்ட, பெண் கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒன்றே ஒன்று கடைசியில் ஒருவழியாக வட்டமாக வந்தது. மதினி அதைச் சுட்டு, குழம்பு தடவி மடித்து என்னிடமே கொடுத்தார். "டாக்கோ. ஒடியாது. மடங்கும். சாப்டு."

சாப்பிட்டேன். அந்த மால் கடையில் ஒரு வாரமாக நான் தின்றது என்ன என்று அப்போதுதான் விளங்கியது.

"போன்ல சொல்லுதோம்" என்று அப்பா எங்களை வழியனுப்பினார். ஸ்டேஷன் வரைக்கும் மாமா பத்தடி முன்னாலேயே நடந்தார். வாசலில் மட்டும் நின்று, "ஜப்பானுக்கே போயிரு" என்றார்.

அடுத்த சில நாள் போன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்தேன். சனிக்கிழமை மதினியே கூப்பிட்டார். "தம்பி, சோளம் ஊறுது. நாளைக்கு வா. எங்க வீட்டு மாமா கல்யாணத் தேதி பேசணும் சொல்லுது."

எப்படி இது நடந்தது என்று கல்யாணத்துக்குப் பிறகு உமாவிடம் கேட்டேன். "உங்களுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் மதினிய வேடிக்கை பாத்தாங்க. இந்த ஊரு ஒத்துக்கிச்சா, இட்லி சாப்பிடுவாங்களான்னு அவங்க முன்னாலயே எங்ககிட்ட கேப்பாங்க. ரெண்டு எடம் மருமக வேத்து நாடுன்னே வேண்டாம்னுட்டாங்க. மதினி அன்னைக்கு உள்ள போய் அழுதுச்சு. நீங்க ஒரு ஆளுதான் அவங்கள நம்ம தெருப் பொண்ணுன்னு நெனச்சு சண்டை போட்டீங்க" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் முட்டாள்தனத்துக்கு இவ்வளவு பெரிய மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

மதினியிடம் கேட்டபோது காரணம் வேறாக இருந்தது. "எல்லாரும் 'சூப்பர், சூப்பர்' சொல்லி தட்டுல மிச்சம் வச்சாங்க. நீ நல்லால்ல சொல்லிட்டு முழுசா தின்ன."

அதிலிருந்து மதினி கையால் சாப்பிடும்போது எங்கள் குடும்பத்தில் யாரும் 'நல்லாருக்கு' என்று சொல்வதில்லை. "நல்லாவே இல்ல மதினி, இன்னும் ரெண்டு வைங்க" என்று தட்டை நீட்ட வேண்டும். மாமனார் முதல் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறோம். அவருக்கும் அதில்தான் சந்தோஷம்.

போன மாதம் பக்கத்து பிளாட் பஞ்சாபி அம்மா ஆசையாகக் கூப்பிட்டு என் மகளுக்கு ராஜ்மா சாவல் போட்டிருக்கிறார். டெல்லியில் பிறந்த பிள்ளை; தமிழ் சுமார், ஹிந்தி தண்ணீர்பட்ட பாடு. ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டுத் தட்டை நீட்டி, "ஆன்டி, பில்குல் அச்சா நஹீ ஹை, தோடா அவுர் தோ" என்று எங்கள் வீட்டு வழக்கப்படியே ஹிந்தியில் கேட்டிருக்கிறாள். அந்த அம்மாள் இன்னும் என்னோடு லிஃப்டில் பேசுவதில்லை.